சைகையால் தெரிவிக்கும் சம்மதம்



பேச இயலாதவர் தமது திருமணச் சம்மதத்தைத் தக்க சைகைகளால் தெரிவிக்கலாம் என்கிறது 1983 ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம். இது புதிய சலுகையன்று. 1198 இல் பாப்பரசர் 3 ஆம் இன்னொசெந்து இவ்வாறே தீர்ப்பளித்துள்ளார். ஆனால் அதே சட்டம் வேறொன்றையும் கேட்கிறது. திருமணம் ஆணும் பெண்ணும் உடலாலும் இணைந்து மக்கட்பேற்றை நாடும் நிலையான உறவு என்பதையாவது மணமக்கள் அறிந்திருத்தல் வேண்டும். பருவமெய்தியவருக்கு இது தெரிந்தேயிருக்கும் என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது.

செவிப்புலனற்ற உங்கள் மகனோ மகளோ இதை எங்கிருந்து அறிவார்?

கேட்கும் பிள்ளைகளுக்கும் நாம் இவற்றைச் சொல்லிக் கொடுப்பதில்லைத்தான். ஆயினும் குசினியில் பெரியவர்கள் கதைப்பதும், பஸ்ஸில் யாரோ பகிடி விடுவதும் அவர்கள் காதில் விழுகின்றன. செவிப்புலனற்ற பிள்ளைக்கு அந்த அரைகுறை அறிவும் கிட்டுவதில்லை. இப்பிள்ளைகளிற் பெரும்பாலோர் கேட்கும் பெற்றோருக்கே பிறக்கின்றனர். சாப்பாட்டுக்கும் நித்திரைக்கும் வீட்டிலே சைகை உண்டு. மாதவிலக்குக்கு உண்டா? கருவுறுதலுக்கு? "என்னைத் தொடாதே" என்பதற்கு?

"ஒன்றும் அறியாமல் கபடமற்று இருக்கட்டும்" என்பீர்கள். அறியாமை வேறு, தூய்மை வேறு. ஆர்ஜென்டினாவின் மென்டோசா மாகாணத்தில், செவிப்புலனற்றோருக்கான கத்தோலிக்க பாடசாலையொன்றில் பிள்ளைகள் பல ஆண்டுகள் பாலியற் கொடுமைக்கு ஆளாயினர். அங்கே சைகை மொழி கற்பிக்கப்படவில்லை. நேர்ந்ததைச் சொல்ல மொழியே இல்லாதவர் யாரிடம் முறையிடுவர்? 2019 இல் இரு குருக்களுக்கு 42, 45 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. இதை எழுதக் கை கூசுகிறது. எழுதாமல் விடுவதும் அதே மௌனந்தான்.

வயதுக்கேற்ற, விவேகமான பாலியற் கல்வி பிள்ளைகளுக்கு வேண்டும் என இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 இலேயே அறிவித்தது. 1981 இல் பாப்பரசர் 2 ஆம் அருளப்பர் சின்னப்பர் அதைப் பெற்றோரின் உரிமையும் கடமையும் என்றார். உரிமையைப் பற்றி நாம் உரத்துப் பேசுவோம்.

திருமண ஆயத்த வகுப்பில் தாயோ தமக்கையோ அருகிலிருந்து சைகையில் விளக்கினாற் போதாதா? வெட்கத்தால் அவர் விட்டுவிடும் பகுதியே மணமகள் அறியவேண்டிய பகுதி. சைகை மொழி நன்கறிந்த, உறவினரல்லாத ஒருவரை, பெண்பிள்ளைக்குப் பெண்ணொருவரையே, ஒழுங்குசெய்து தருமாறு பங்குக் குருவானவரிடம் கேளுங்கள். சம்பந்தம் பேசத் தொடங்கும் வரை காத்திராதீர்கள்.