சேர்ந்து வாழ ஓர் உத்தரவு

சென்னை தம்புச் செட்டித் தெருவில், மாடியில் ஒரு சிறிய அறை. ஜூனியர் தயாரித்துக் கொண்டுவந்த மனுவைச் சீனியர் அம்மையார் பென்சிலும் கையுமாகப் படித்துக்கொண்டிருந்தார். குரு, சீடன் என்று சொன்னால் இருவருமே சிரிப்பார்கள். ஆனாலும் வக்கீல் தொழிலில் அந்த உறவு இன்னும் அப்படியேதான் இருக்கிறது, குருதட்சணையை உழைப்பாகக் கொடுப்பது உட்பட.

மனு இதுதான்: மனைவி தாய்வீட்டுக்குப் போய்விட்டார். கணவரோடு சேர்ந்து வாழும்படி நீதிமன்றம் உத்தரவிட வேண்டும். இந்து திருமணச் சட்டம் 1955, பிரிவு 9. தாம்பத்திய உரிமை மீட்பு, வக்கீல்கள் வாயில் ‘ஆர்.சி.ஆர்.’

“இது எங்கிருந்து வந்தது தெரியுமா?”

“தர்ம சாஸ்திரத்திலிருந்து இருக்கும், மேடம்.”

“சாஸ்திரம் மனைவிக்குக் கடமை சொல்லும். கோர்ட்டுக்கு இழுக்கச் சொல்லவில்லை. இது இங்கிலாந்தில் தேவாலய நீதிமன்றங்களின் சரக்கு. வெள்ளைக்காரனோடு கப்பலில் வந்தது.”

அவர் ருக்மாபாயின் கதைக்குப் போனார். பம்பாய்க்காரப் பெண், 11 வயதில் கல்யாணம், கணவன் வீட்டுக்குக் குடித்தனம் போகவே இல்லை. 1884இல் கணவன் தாதாஜி வழக்குப் போட்டார். மறு ஆண்டு நீதிபதி பின்ஹே மறுத்துவிட்டார். சேர்ந்தே வாழாதவர்களிடம் எதை மீட்பது என்பது அவர் கேள்வி. மேல்முறையீட்டில் அது நிற்கவில்லை. 1887இல் கணவனிடம் போ, இல்லையென்றால் 6 மாதச் சிறை என்று தீர்ப்பு வந்தது. சிறைக்கே போகிறேன் என்றார் ருக்மாபாய். திலகரின் பத்திரிகை அவரைச் சாடியது. மறு ஆண்டு கணவனுக்கு 2,000 ரூபாய் கொடுத்து வழக்கு முடிக்கப்பட்டது. ருக்மாபாய் லண்டனில் மருத்துவம் படித்துத் திரும்பி, சூரத்திலும் ராஜ்கோட்டிலும் டாக்டராக வேலை பார்த்தார்.

“வேடிக்கை என்ன தெரியுமா? அந்த 1884இல்தான் இங்கிலாந்து தன் பெண்களை இதற்காகச் சிறைக்கு அனுப்புவதை நிறுத்தியது. இங்கே 1923 வரைக்கும் அந்த மிரட்டல் சட்டத்தில் இருந்தது.”

“பழைய கதை, மேடம்.”

“சரி, சினிமாவுக்கு வா. 1939, ‘தியாகபூமி’. கல்கி கதை, கே. சுப்ரமணியம் படம். கணவன் கைவிட்ட சாவித்திரி பணக்கார உமாராணியாகத் திரும்பி வருகிறாள். அவன் சேர்ந்து வாழ வழக்குப் போடுகிறான். முடியாது, வேண்டுமானால் நான் அவருக்கு ஜீவனாம்சம் தருகிறேன் என்கிறாள். வெள்ளைக்காரன் அந்தப் படத்தைப் பிறகு தடை செய்தான். ஜீவனாம்சத்துக்காக இல்லை, காங்கிரஸ் பிரசாரத்துக்காக.”

ஜூனியர் சிரித்தான். “சினிமாவில் நடக்கும்.”

“சினிமாக்காரிக்கே நடந்தது. நடிகை சரிதா. 16 வயதில் கல்யாணம், உடனே பிரிவு. கணவர் கடப்பா கோர்ட்டில் இதே பிரிவு 9இல் போட்டார். 1983இல் ஆந்திர உயர் நீதிமன்றத்தில் நீதிபதி பி.ஏ. சவுத்ரி இந்தப் பிரிவே செல்லாது என்றார். ஒரு பெண் யாரோடு படுப்பது, எப்போது கருத்தரிப்பது என்பதை அரசாங்கம் தீர்மானிக்கக் கூடாது, அது அவளுடைய அந்தரங்கம் என்பது சாரம். ஓராண்டுதான். 1984இல் உச்ச நீதிமன்றம் பிரிவு செல்லும் என்றுவிட்டது.”

இங்கேதான் சீடன் நிமிர்ந்தான். “சட்டம் இருபாலாருக்கும் பொது, மேடம். பெண்களும்தான் போடுகிறார்கள். வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவளுக்கு இதை விட்டால் என்ன இருக்கிறது?”

நியாயமான வாதம். குடும்ப நீதிமன்ற வாசலில் ஒரு காலைப் பொழுது நின்றவர்கள் அதைத் தள்ளிவிட மாட்டார்கள்.

“போட்டாள். நான் சொன்ன அந்த உச்ச நீதிமன்ற வழக்கிலேயே மனுப் போட்டவள் மனைவி, சரோஜ் ராணி. 1977இல் போட்டாள். கணவர் சம்மதிக்க, 1978இல் உத்தரவு வந்தது. ஓராண்டு சேர்ந்து வாழவில்லை என்று காட்டி அதே உத்தரவை வைத்து அவர் விவாகரத்துக் கேட்டார். கிடைத்தது. உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சேரப் போட்ட மனு பிரிவதற்கு ரசீது ஆனது. பொது என்கிறாயே, யாருக்குப் பயன்பட்டது?”

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “முடியாது என்று சொன்னவர்களைப் பாருங்கள். ஒருத்தி டாக்டர் வீட்டில் வளர்ந்தவள், ஒருத்தி கதையில் பணக்காரி, ஒருத்தி நடிகை. கையில் காசில்லாதவள் எப்படிச் சொல்வாள்?” என்றான்.

அம்மையார் பென்சிலைக் கீழே வைத்தார். அவரிடம் இதற்குப் பதில் இல்லை. இருப்பதாகக் காட்டிக்கொள்ளவும் இல்லை. மனுவைத் திருப்பி, எதிர்மனுதாரர் பெயர் இருந்த வரியைக் காட்டினார்.

“இந்தப் பெண்ணுக்கு வருமானம் உண்டா? உத்தரவுக்குக் கீழ்ப்படியாவிட்டால் அவள் சொத்தை ஜப்தி செய்யலாம், தெரியும் இல்லையா?”

“கேட்கவில்லை, மேடம்.”

“ஏன் வீட்டை விட்டுப் போனாள்?”

“அதையும்.”

“கேட்டுக்கொண்டு வா.”

அவன் போனை எடுத்துக்கொண்டு படியிறங்கினான். இங்கிலாந்து இந்தச் சட்டத்தை 1970இல் ஒழித்துவிட்டது. இந்தியாவில் பிரிவு 9 இருக்கிறது.