நிக்காஹும் பேரேடும்

 

"நிக்காஹ் மார்க்க காரியமாயிற்றே, அதில் சர்க்காருக்கு என்ன வேலை?" என்று நம்மவர்களில் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். மணமகளின் சம்மதம், வலி, ஈஜாபு கபூல், இரண்டு சாட்சிகள், மஹர் ஆகியவற்றைக் கொண்டு நடப்பது நிக்காஹ். எந்த அதிகாரியின் முத்திரையும் ஹராமை ஹலாலாக்கிவிடாது.

சிங்கப்பூர்ச் சட்டமும் இதை மறுக்கவில்லை. செல்லாத நிக்காஹ், பதிந்த காரணத்தால் மட்டும் செல்லுபடியாகாது. செல்லத்தக்க நிக்காஹ், பதியாத காரணத்தால் மட்டும் செல்லாமற் போகாது என்பதே 1966ஆம் வருஷத்து முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டத்தின் நிலை. ஆனால் அதே சட்டம் நிக்காஹைப் பதியவேண்டும் என்றும் கட்டளையிடுகிறது. இது நேற்று வந்த வழக்கமுமல்ல. இந்நாட்டில் முஸ்லிம் விவாகப் பதிவுக்கு 1880ஆம் வருஷத்திலேயே சட்டம் இயற்றப்பட்டது. ஷரீஅத் கோர்ட்டு 1958இல் ஏற்பட்டது.

பதிவு எதற்காக? வியாபாரிகளாகிய நமக்கு இதை விளக்க வேண்டுமா? தவணைக்குக் கொடுக்கும் கடனை எழுதிக்கொள்ளுங்கள், சாட்சி வையுங்கள் என்று சூரத்துல் பகராவின் 282ஆம் வசனத்தில் அல்லாஹ் ஏவுகிறான். அற்பத் தொகையையும் பேரேட்டில் ஏற்றுகிறோம். ஒரு பெண்ணின் வாழ்வு முழுவதையும் பொறுப்பேற்கும் உடன்படிக்கைக்கு மட்டும் வாய்ச்சொல் போதுமா?

எண்ணிப் பாருங்கள். ஒரு சபுராளி இங்கே மௌத்தாகிறார். மனைவி, மக்கள் உண்டு. குழந்தைகள் இருக்கும்போது மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு என்று குர்ஆன் வகுத்திருக்கிறது. பங்கைக் கேட்டு அந்த அம்மாள் வருகிறார். "நீ அவருக்கு மனைவி என்பதற்கு அத்தாட்சி எங்கே?" என்கிறார்கள். சாட்சிகள் இருவரும் கபுருக்குப் போய்விட்டார்கள். நிக்காஹ் விருந்து உண்டவர்களோ வாய் திறக்கத் தயங்குகிறார்கள். அல்லாஹ் கொடுத்த பங்கை அவரிடமிருந்து பறித்தது யார்? சர்க்காரா? ஒரு கையெழுத்துப் போடச் சோம்பிய கணவரல்லவா?

வேறு சிலர் சோம்பலால் அல்ல, வேண்டுமென்றே பதியாதிருக்கிறார்கள். முதல் மனைவி இருக்க மறுமணம் நாடுவோரைக் காஜியார் விசாரிக்கவேண்டும் என்பது சட்டம். அந்த விசாரணைக்கு அஞ்சி, எல்லை தாண்டிப் போய் இரகசியமாக நிக்காஹ் முடித்துத் திரும்புகிறார்கள். மனைவியரிடையே நீதம் செலுத்தும் எண்ணமுள்ளவர் விசாரணைக்கு ஏன் அஞ்சவேண்டும்? நிக்காஹை ஊரறிய நடத்துவதல்லவா நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய வழி?

சகோதரர்களே! நிக்காஹை ஆக்குவது மார்க்கம். அதனால் உண்டான உரிமையைக் காப்பது பதிவு. முன்னதை விட்டுப் பின்னதைப் பிடித்தால் பாவம். முன்னதைச் செய்து பின்னதை விட்டால் பலவீனர்களுக்கு அநியாயம்.

இன்றிரவு கடையடைத்து வீடு சென்றதும் உங்கள் நிக்காஹ் பத்திரம் எங்கே என்று தேடுங்கள். கிடைத்தால், அது இருக்குமிடத்தை மனைவியிடம் சொல்லுங்கள். பதியாதிருந்தால் தாமதமின்றிக் காஜியாரை அணுகுங்கள்.

நம்மை நம்பி வந்தவர்களின் ஹக்கைப் பேணும் தவ்பீக்கை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.