ஆகாயத்துக்கு இடம்

ஸ்ரீபெரும்புதூரில் கண்ணாடி செய்வதைப் பஞ்சபூதப் பாடமாகவே நடத்தலாம். மணலை 1500 டிகிரி சூட்டில் உருக்கி, உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டு, பிறகு மெல்ல மெல்ல ஆறவிடுகிறார்கள். அவசரப்பட்டு ஆறவைத்தால் உள்ளே இறுக்கம் தங்கி, அறுக்கும்போது தெறித்துவிடும். அந்த உலையை ஒருமுறை மூட்டினால் பத்துப் பதினைந்து வருஷம் அணைப்பதில்லை. ஆட்கள்தான் ஷிப்டு மாறுகிறார்கள்.

மனத்துக்கும் இப்படியொரு பூதக் கணக்கு உண்டு. மனம் வேலை செய்யும் வழிகளை நான்காகப் பிரித்தவர் உளவியலாளர் கார்ல் யுங்: சிந்தனை, உணர்ச்சி, புலனறிவு, உள்ளுணர்வு. அதைச் சொன்ன அவருடைய நூல் 1921இல் வந்தது. அவர் வழிவந்தவர்கள் சிலர் இவற்றைக் காற்று, நீர், நிலம், நெருப்பு என்று பொருத்திப் பார்ப்பார்கள். கைவந்ததை வைத்துப் பிழைத்துக்கொண்டு ஒன்றைக் கொல்லைப்புறத்தில் போட்டுவிடுகிறோம். முழுமைக்கு வழி அந்த ஒதுக்கப்பட்டதன் வழியாகத்தான் என்பது யுங்கின் கட்சி. சரியென்றே படுகிறது. பக்கத்து ஒரகடத்தில் தொழிற்சாலை லைனில் நிற்கும் பையனுக்குக் கையும் கண்ணும் இருந்தால் போதும். அழ வேண்டியதை அவன் ஊருக்குப் போகிற தீபாவளிவரை தள்ளிப்போடுகிறான்.

ஆனால் ஐந்தாவது பூதமான ஆகாயம்? மேற்கத்திய ரசவாதிகளுக்கும் அது உண்டு. நான்கையும் வடித்து முடித்தபின் கடைசியில் கிடைக்கிற சாரம். தைத்திரீய உபநிடதம் வரிசையைத் திருப்பிப் போடுகிறது: முதலில் ஆகாயம், அதிலிருந்துதான் காற்றும் நெருப்பும் நீரும் நிலமும். பக்கத்துக் காஞ்சிபுரத்தில் மண் லிங்கத்தை வைத்து, சிதம்பரத்தில் திரைக்குப் பின்னால் வெறும் வெளியை வைத்துக் கும்பிட்டவர்கள் நாம்.

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்பேட்டைகள் மட்டும் ஆகாயத்தைக் கடைசிக்குத் தள்ளி, ரசவாதிகள் வழியில் போய்விட்டன. இருங்காட்டுக்கோட்டையிலிருந்து கார் வெளிவரத் தொடங்கியது 1998இல். வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்கு 18,720 படுக்கைகளோடு சிப்காட் குடியிருப்பு திறந்தது 2024 ஆகஸ்டில். நல்ல காரியம்தான். அறைக்கு ஆறு பேர்.

வெளியே வாடகை அறைகளில் அந்தக் கணக்கும் கிடையாது. நைட் ஷிப்டு முடித்து வருகிறவன், டே ஷிப்டுக்குக் கிளம்புகிறவனின் பாயிலேயே சூடு ஆறுமுன் படுக்கிறான். கோபம் வந்தாலும் அங்கேதான், கல்யாணப் பேச்சு வந்தாலும் அங்கேதான், ஐந்து பேர் காதுபட. கொஞ்சம் வெறும் இடம் இல்லாமல் மற்ற நாலும் எங்கே போய் வளரும்? எங்கள் தெருவில் மொட்டைமாடி ஒன்று இருக்கிறது. காற்று நன்றாக வரும். சாவி கேட்டால், டேங்க் கெட்டுப்போகும் என்கிறார் வீட்டுக்காரர்.