பூசலார் தோண்டிய குளம்

2019 ஜூலை 12ஆம் தேதி, ஜோலார்பேட்டையில் காவிரித் தண்ணீரை நிரப்பிக்கொண்டு 50 வேகன் பூட்டிய ரயில் ஒன்று சென்னை வில்லிவாக்கத்துக்கு வந்து சேர்ந்தது. மொத்தம் 25 லட்சம் லிட்டர். அது வந்த தடம் அரக்கோணம், திருவள்ளூர், புட்லூர், செவ்வாப்பேட்டை ரோடு, வேப்பம்பட்டு, திருநின்றவூர், ஆவடி. ஏரிகளுக்குப் பேர்போன வட்டாரம். இங்கே ஏரி இல்லாத இடத்தில் தாங்கல் இருக்கும். தாங்கலும் இல்லாத இடத்தில், முன்பு தாங்கலாக இருந்த மனைப்பிரிவு இருக்கும். பூண்டி, சோழவரம், புழல் என்று சென்னையின் தாகத்துக்கே தண்ணீர் சேர்த்து வைக்கும் திருவள்ளூர் மாவட்டத்தின் நடுவே, வெளியூர்த் தண்ணீர் ரயிலேறிப் போனது. கொல்லன் தெருவில் ஊசி விற்பது என்பார்கள். அந்த ஆனியில் கொல்லன் தெருவே ஊசிக்கு வரிசையில் நின்றது.

மழை பொய்த்தது என்று காரணம் சொன்னோம். பொய்த்தது உண்மைதான். ஆனால் அதற்கு மூன்றரை ஆண்டு முன்பு, 2015 டிசம்பரில், இதே நகரமும் புறநகரும் மூழ்கின. ரயில் வந்து நான்கரை ஆண்டு கழித்து, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் மறுபடியும் மூழ்கின. வெள்ளமும் வறட்சியும் ஒரே தலைமுறையின் தலையில் மாறிமாறி விழுந்தால் வானத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. வானத்துக்கும் குடத்துக்கும் நடுவே ஏதோ ஒன்று கழன்று கிடக்கிறது. அது எது என்று யோசித்தபோது எனக்கு விடை கொடுத்தது நான் குடியிருக்கும் வேப்பம்பட்டுக்கு அடுத்த நிறுத்தம்தான்.

திருநின்றவூர், பூசலார் நாயனாரின் ஊர். சிவனுக்குக் கோயில் கட்ட ஆசைப்பட்டவர், கையில் காசில்லை. எங்கெங்கோ தேடியும் கிடைக்காமல், மனத்துக்குள்ளேயே கட்டத் தொடங்கினார். பெரியபுராணத்தில் சேக்கிழார் ஒரு விஷயத்தில் கறாராக இருக்கிறார். மனக்கோயில்தானே என்று ஒரு நொடியில் கட்டி முடிக்க விடுவதில்லை. பூசலார் நினைவாலேயே பொருள் சேர்க்கிறார், தச்சரைக் கூட்டுகிறார், நாள் பார்த்து அடிநிலை இடுகிறார். இரவிலும் கண் மூடாமல் தளம் தளமாக எழுப்புகிறார். சிகரம் வைத்துச் சுதை பூசுகிறார். பிறகு கிணறு அமைக்கிறார், மதில் எடுக்கிறார், குளமும் தோண்டுகிறார். அவர் குடமுழுக்குக்குக் குறித்த அதே நாளில், காஞ்சியில் கற்கோயில் கட்டி முடித்த பல்லவ மன்னனும் நாள் குறித்திருந்தான். சிவன் அவன் கனவில் வந்து, நாளை நின்றவூர்ப் பூசலின் கோயிலுக்குப் போகவேண்டியிருக்கிறது, நீ வேறு நாள் பார் என்றார். மன்னன் தேடிக்கொண்டு வந்தான். ஊரில் அப்படி ஒரு கோயிலே இல்லை.

பள்ளி நாளில் இதை பக்தியின் பெருமை என்று படித்துவிட்டுப் போய்விட்டேன். இப்போது என் கண் அந்தக் குளத்தில் நின்றுவிடுகிறது. கற்பனைக் கோயிலுக்குக் குளம் எதற்கு? அங்கே யாருக்குத் தாகம்? கல்லும் காசும் இல்லாதவர் குளத்தை மட்டும் ஏன் விட்டுவிடவில்லை? தொண்டை நாட்டு மனிதருக்கு, நினைப்பில்கூட, நீர்நிலை இல்லாத கோயிலைக் கட்டத் தெரியவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஓர் இடத்தை முழுசாக எண்ணிப் பார்த்தால் குளம் தானாக வந்து சேர்ந்துகொண்ட காலம் அது.

நாம் வீடு கட்ட நினைக்கும்போது மனத்தில் என்னென்ன வருகின்றன? பட்டா, பாதையின் அகலம், ஸ்டேஷனிலிருந்து எத்தனை நிமிட நடை, மாதத் தவணை. தண்ணீர் எங்கிருந்து வரும் என்றால் போர்வெல். மழைத்தண்ணீர் எங்கே போகும் என்றால் பக்கத்து மனைக்கு.

ஊர்ப் பெயர்களைப் பாருங்கள். வேப்பம்பட்டில் வேம்பு இருக்கிறது. திருவாலங்காட்டில் ஆல், திருமுல்லைவாயிலில் முல்லை, திருவேற்காட்டில் வேல மரம், திருப்பாசூரில் மூங்கில். மாவட்ட வரைபடத்தை விரித்தால் பாதி தாவரப் பட்டியல். ஊரைக் கூப்பிடும்போதெல்லாம் மரத்தையும் சேர்த்துக் கூப்பிட்டார்கள். காடு போன பிறகும் கோயில் பிராகாரத்துக்குள் ஒன்றையாவது தலமரம் என்று மிச்சம் வைத்தார்கள். நம் மனைப்பிரிவுகளின் பெயர்கள் வேறு மாதிரி: கார்டன், அவென்யூ, லேக் வியூ. கார்டனில் செடி இராது. லேக் வியூவில் ஏரி தெரியாது. மழைக்காலத்தில் மட்டும் கூடத்திலேயே தெரியும்.

மரம் நடுவதில் நமக்குக் குறை ஒன்றும் இல்லை. 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் சென்னையையும் சுற்றுப்புறத்தையும் மொட்டையடித்துவிட்டுப் போன பிறகு, கன்று நடாத குடியிருப்போர் சங்கம் இல்லை, கல்லூரி இல்லை, கம்பெனி இல்லை. தமிழக அரசும் 2022இல் பசுமைத் தமிழகம் இயக்கத்தைத் தொடங்கி, மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 விழுக்காட்டுக்கு உயர்த்துவதை இலக்காக வைத்தது. நல்ல காரியம்தான். எங்கள் தெருவிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நட்டோம். குழி தோண்ட இரண்டு பேர், படம் எடுக்க எட்டுப் பேர். அடுத்த பங்குனியில் பார்த்தால் இரும்புக் கூண்டு நிற்கிறது, கூண்டில் நன்கொடையாளர் பெயர் பளிச்சென்று இருக்கிறது, உள்ளே டீக்கடை பேப்பர் கப் இரண்டு கிடக்கின்றன. கன்றைக் காணோம். பத்தடி தள்ளி, டிரான்ஸ்பார்மர் பக்கத்துச் சுவரோரம், யாரும் நடாத வேம்பு ஒன்று இடுப்புயரம் வளர்ந்து நிற்கிறது. காக்கை பழம் தின்று போட்ட கொட்டை. வேப்பங்கொட்டைக்கு ஆயுள் குறைவு. பழுத்து விழுந்த சில வாரங்களுக்குள் மண்ணைப் பிடிக்காவிட்டால் முளைக்கும் வீரியம் போய்விடும். காக்கைக்கு விழா தேதி பார்க்கும் வேலை இல்லை.

கூண்டுக் கன்று ஏன் செத்தது? தண்ணீர் ஊற்றவில்லை. ஏன் ஊற்றவில்லை? வந்த பத்துப் பேரில் ஒருவர் கணக்கிலும் அது இல்லை. என் கணக்கிலும்தான் இல்லை. மண்ணில் நட்ட அன்றைக்கு, யார் மனத்திலும் நடாமல் வீடு திரும்பினோம்.

சென்னை கோட்டூர்புரத்தில், அடையாற்றங்கரையில் குப்பை மேடாகக் கிடந்த இடத்தில் 2006இல் 'நிழல்' அமைப்பினர் மரப் பூங்கா உண்டாக்கத் தொடங்கினார்கள். இன்று அங்கே போனால் காட்டுக்குள் நுழைந்த மாதிரி இருக்கிறது. அந்தக் காட்டில் நட்ட நாளின் பங்கு சிறியது. ஞாயிறு ஞாயிறாக ஆட்கள் வந்து களை பறித்து, மூடாக்குப் போட்டு, எந்தக் கன்று வாடுகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்ததுதான் காடாகியிருக்கிறது.

மனத்தில் வைத்திருப்பதன் வலிமைக்கு வேம்பின் வரலாற்றிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. 1994இல் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம், வேப்பெண்ணெயைக் கொண்டு பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் முறைக்கான காப்புரிமையை அமெரிக்க வேளாண் துறைக்கும் டபிள்யூ. ஆர். கிரேஸ் நிறுவனத்துக்கும் கொடுத்தது. சூழலியல் ஆர்வலர் வந்தனா சிவாவும் மற்றவர்களும் எதிர்த்து வழக்காடினார்கள். 2000இல் அது ரத்தானது; 2005இல் மேல்முறையீடும் தள்ளுபடியானது. வழக்கைத் தாங்கிய முக்கிய வாதம்: இது புதிதல்ல, எங்கள் மக்களுக்கு முன்பே தெரிந்தது. பாட்டிகளும் உழவர்களும் நெஞ்சில் வைத்திருந்த அறிவுதான் அத்தனை தூரம் போய் மரத்துக்காகச் சாட்சி சொன்னது.

ஏரியும் அப்படித்தான் ஒரு காலத்தில் நெஞ்சில் இருந்தது. உத்திரமேரூர்க் கல்வெட்டு, பத்தாம் நூற்றாண்டிலேயே ஏரி வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுத்த முறையைச் சொல்கிறது. ஊர்தோறும் ஏரிக்கென்று ஒரு மனிதர் இருந்தார். நீர்க்கட்டி, கம்புகட்டி என்று இடத்துக்கு இடம் பெயர் மாறும். மதகை எத்தனை விரற்கடை திறந்தால் கடைமடைக்குத் தண்ணீர் போகும், கலங்கலில் வழிந்தால் கீழ் ஏரிக்கு எப்போது போய்ச் சேரும், கரையில் நண்டு வளை எங்கே இருக்கிறது எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஐப்பசி இரவில் கரையின் ஒவ்வொரு கசிவும் அவர் தூக்கத்தைக் கெடுக்கும். திருநின்றவூரில் இந்த வேலையை ராமரிடமே ஒப்படைத்திருக்கிறார்கள். அங்கே அவர் பெயர் ஏரி காத்த ராமர். தெய்வத்துக்குக் கொடுக்கிற அளவுக்குப் பெரிய வேலை அது.

வயல் மனையானதும் மதகுக்கு வேலை போயிற்று. மதகுக்கு வேலை போனதும் நீர்க்கட்டிக்கு வேலை போயிற்று. ஏரி மட்டும் எங்கேயும் போகவில்லை. வருவாய்த் துறைப் பதிவேட்டில் சர்வே எண்ணோடும் பரப்போடும் பத்திரமாக இருக்கிறது. ஆனால் அதை நினைத்துக்கொண்டு படுக்கப் போகும் ஆள் இல்லை. அதற்குப் பிறகுதான் ஆகாயத்தாமரை வந்தது, சாக்கடை வந்தது, இரவு லாரியில் கட்டட இடிபாடு வந்தது.

இந்த ஊர்களுக்குக் குடிவந்த எங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். விடிவதற்குள் மின்சார ரயில் பிடித்துச் சிலர் அம்பத்தூருக்கும் சென்ட்ரலுக்கும் போகிறோம். சிலரை கம்பெனி பஸ் ஸ்ரீபெரும்புதூருக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் அள்ளிக்கொண்டு போகிறது. இருட்டிய பிறகு திரும்புகிறோம். பல வருடம் குடியிருந்தும், ஏரியைப் பகல் வெளிச்சத்தில் பார்த்த நாட்களை விரல்விட்டு எண்ணலாம். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. பார்க்காததை நினைக்க வழியில்லை, நினைக்காதது கெடுவது கண்ணில் படுவதில்லை.

2015 முதல் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். விதி எளிது. மொட்டை மாடியோ ஏரிக்கரையோ, ஓர் இடத்தில் குறைந்தது 15 நிமிடம் இருந்து, பார்த்த பறவை அனைத்தையும் எண்ணி இ-பேர்ட் தளத்தில் பதிய வேண்டும். ஒரு பொங்கலுக்கு நானும் தெருப் பிள்ளைகள் நான்கு பேரும் ஏரிக்கரைக்குப் போனோம்.

முதல் ஐந்து நிமிடம் காக்கையும் கொக்கும்தான். அடுத்த ஐந்தில், கொக்கு என்று ஒரே பெயரில் எழுதியது மூன்றாகப் பிரிந்தது: சின்னக் கொக்கு, உண்ணிக் கொக்கு, மடையான். மடையில் நின்று மீன் பிடிப்பதால் மடையான். மதகு மண்மூடிப்போய் எத்தனையோ காலம் ஆகியும், அது அந்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது. கடைசி ஐந்தில் ஆகாயத்தாமரை விலகிய ஒரு கையகல நீரில் முக்குளிப்பான் ஒன்று மேலே வந்தது, எங்களைப் பார்த்தது, மறுபடி மூழ்கிப்போனது.

"அங்கிள், இது ஏரியா? நான் குப்பை கொட்ற எடம்னுல்ல நெனச்சேன்" என்றான் ஒரு பையன்.

பத்து நாள் கழித்து, தெருவில் கிரிக்கெட் மட்டையோடு நின்றவன் என்னை நிறுத்திக் கேட்டான்: "அந்த முங்கிப் போற குருவி இன்னும் இருக்கா, அங்கிள்?"

எனக்குத் தெரியவில்லை. அந்தப் பக்கம் போகவில்லை. ஆனால் அவன் கேட்ட அந்த நொடியில் ஏரி ஒரு மனத்துக்குள் திரும்பியிருந்தது. சர்வே எண் தெரியாத, சம்பளம் இல்லாத, ஐந்தாம் வகுப்பு படிக்கும் ஒரு நீர்க்கட்டி.

ஒவ்வொரு வெள்ளத்துக்கும், தண்ணீருக்கு நினைவு உண்டு, பழைய இடத்துக்குத் திரும்பி வரும் என்று சொல்லிக்கொள்கிறோம். கேட்க அழகாக இருக்கிறது. பொறுப்பைத் தண்ணீரின் தலையில் கட்டிவிடவும் வசதியாக இருக்கிறது. தண்ணீருக்கு நினைவு கிடையாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் மேடும் பள்ளமும். இது ஏரி, இது கலங்கல், இது வாய்க்கால் என்று நினைவில் வைத்துக்கொள்வது மனிதர்களின் வேலை. அந்த வேலையைத்தான் கைவிட்டோம். கழன்று கிடந்தது அதுதான்.

நினைத்தால் மட்டும் ஏரி நிறைந்துவிடுமா என்று கேட்கலாம். நிறையாது. அளவை வேண்டும், நீதிமன்ற ஆணை வேண்டும், தூர்வார பொக்லைன் வேண்டும், பணம் வேண்டும். 2020இல் கும்மிடிப்பூண்டிப் பக்கம் கண்ணன்கோட்டை, தேர்வாய்கண்டிகை ஏரிகளை இணைத்து அரசு புதிய நீர்த்தேக்கமே திறந்தது. அது அரசனால்தான் முடியும். ஆனால் பல்லவன் கட்டியது கற்கோயில். காஞ்சி கைலாசநாதர் கோயில்தான் அது என்பார்கள். கட்டி முடித்துவிட்டு அவன் போய்விட்டான். ஆயிரத்து முந்நூறு ஆண்டு கழித்தும் அது நிற்கிறது. ஏரியையும் மரத்தையும் அப்படிக் கட்டி முடித்துவிட்டுப் போக முடியாது. உயிருள்ள எதற்கும் முடிந்த நாள் என்று ஒன்று இல்லை. கரையை ஒவ்வொரு ஐப்பசிக்கும், கன்றை ஒவ்வொரு சித்திரைக்கும் புதிதாகக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. அப்படிப்பட்டதை வைத்திருக்க ஒரே இடம்தான் உண்டு: தினமும் அதை நினைக்கிற ஒருவரின் மனம். மனத்தில் இடம் இல்லாததற்கு மண்ணில் நெடுநாள் இடம் இருப்பதில்லை.

பூசலார் மனத்தில் கட்டிய கோயில் பிறகு மண்ணிலும் எழுந்தது. இருதயாலீசுவரர் என்ற பெயரில் திருநின்றவூரில் இன்றும் இருக்கிறது.

இப்போதெல்லாம் இரவு ரயிலில் வேப்பம்பட்டில் இறங்கியதும், ஸ்டேஷனிலிருந்து வீடு வரைக்கும் வேப்பமரங்களை எண்ணிக்கொண்டே நடக்கிறேன். பெரிய காரியம் ஒன்றுமில்லை. இருட்டில் நிழலை வைத்து எண்ணுவதுதான். நேற்றுவரை பத்து. டிரான்ஸ்பார்மர் ஓரத்துக் காக்கைக் கன்றைச் சேர்த்தால் பதினொன்று. சேர்த்துக்கொண்டேன். வீட்டுக்குப் போய் ஒரு குடம் தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தேன்.