திரும்பும் வழி

குற்றாலத்தில் சாரல் கட்டியிருந்த ஒரு மாலைப்பொழுது. தென்காசியை அடுத்த சிற்றூர் ஒன்றில் திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது, பீடி சுற்றிப் பிழைக்கும் தாய் ஒருவர் என்னிடம் யோசனை கேட்டார். கோயில் கொடைகளில் ஆடும் 'ஆடல் பாடல்' குழு ஒன்று, வயது வந்த அவருடைய மகளை அழைத்திருக்கிறது. கூச்சம் தரும் உடை. கூட்டத்தின் ஆவலைத் தூண்டும் ஆட்டம். ஆனால் ஓரிரவுச் சம்பளம் பல நாள் பீடிக் கூலிக்கு மேல். வீட்டில் கடனும் இருக்கிறது. போகலாமா?

'பாவம்' என்ற ஒரே சொல்லில் விடை கூறிவிடலாம். ஆனால் அவர் கணக்கோடு வந்திருந்தார். கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் அமர்ந்து செலவை எண்ணிப் பார்ப்பதை ஆண்டவரே உவமையாக்கினார் அல்லவா? நாமும் எண்ணிப் பார்ப்போம்.

1960இல் பிறந்து, விஜயலட்சுமி என்ற இயற்பெயரோடு ஆந்திரத்திலிருந்து சென்னைக்கு வந்தார் ஓர் இளம்பெண். 1980இல் வெளிவந்த 'வண்டிச்சக்கரம்' படத்தில் அவர் ஏற்ற பாத்திரத்தின் பெயர் சிலுக்கு. ஒரு படத்தோடு முடிந்திருக்க வேண்டிய அப்பெயர், 'சில்க்' ஸ்மிதாவென அவர் ஆயுள் முழுவதும் ஒட்டிக்கொண்டது. மறு ஆண்டே 'அலைகள் ஓய்வதில்லை' படத்தில் குடும்பப் பெண்ணாக நடித்துத் தம் திறமையை மெய்ப்பித்தார். ஆயினும் திரையுலகம் அவரைப் பெரும்பாலும் கவர்ச்சி ஆட்டத்துக்கே அழைத்தது. 1996 செப்டம்பர் 23 அன்று, 35 வயதில், சென்னையில் அவர் மறைந்தார். அம்மரணத்துக்குக் காரணம் தேடுவது நம் பணியன்று. ஒரு வேடம் மற்ற வேடங்களின் கதவை அடைத்துவிடக்கூடும் என்பதே நாம் அறிய வேண்டியது.

இன்று அக்கதவு இன்னும் விரைவாக அடைபடுகிறது. மேடையைச் சுற்றி நிற்போர் கையிலெல்லாம் செல்பேசி. ஓரிரவு ஆட்டம், பத்து ஆண்டுகள் கழித்து, வேலைக்குப் போகும் இடத்திலும் பிள்ளையின் பள்ளி வாசலிலும் எதிர்ப்படலாம். முன்பணம் வாங்கியபின் விரும்பியபோது விலக முடியுமா? இளமை கழிந்தபின் எந்தத் தொழில் மிஞ்சும்? இவையும் அக்கணக்கில் சேர வேண்டியவை.

ஆயினும் ஒன்று என் நெஞ்சை உறுத்துகிறது. இந்த விலையை அவள்மேல் சுமத்துவது யார்? இரவில் முன்வரிசையில் நின்று பார்த்தவர்கள்தாமே பகலில் அவளுக்கு வேலையும் வரனும் மறுக்கிறார்கள்! விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணைச் சூழ்ந்து நின்றவர்கள், இயேசுவின் சொல்லைக் கேட்டு ஒவ்வொருவராக விலகினார்கள். அவர்கள் மனந்திரும்பினார்களோ, அறியோம். ஆனால் அவள் நடந்து செல்ல வழி விட்டார்கள். அந்த அளவேனும் நம்மால் இயலாதா?

"போக வேண்டாம் அம்மா, ஆனால் முடிவு உங்கள் மகளுடையது" என்று காரணங்களோடு சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "வேண்டாம்னு சொல்லிட்டீங்க. வட்டிக்காரனுக்கு என்னய்யா பதில் சொல்ல?"

என் அறிவுரைக்கு நான் ஒரு காசும் செலவழிக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிறர் வாழ்வின் செலவைக் கணக்கிட்டுச் சொல்பவன், அதில் தன் பங்கையும் எழுத வேண்டும்.