கொடியும் புகுந்த வீடும்

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 500 மீட்டர் ஒற்றையர் கயாக் துடுப்புப் படகுப் போட்டி. முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் இடையே இருந்தது ஒரு நொடியை ஆயிரமாகப் பகுத்ததில் நான்கு பங்கு. தங்கம் உக்ரைனின் இன்னா ஒசிபென்கோ-ரதோம்ஸ்காவுக்கு, வெள்ளி இத்தாலியின் ஜோசெஃபா இதெமுக்கு. இதெம் அதற்கு முன்பே கொடி மாறியவர். இன்னா பின்னாளில் மாறினார்.

இதெம் மேற்கு ஜெர்மனியில் பிறந்தவர். 1984இல் அந்நாட்டுக்காக வெண்கலம் வென்றார். தம் பயிற்சியாளரான இத்தாலியரை மணந்து இத்தாலியக் குடியுரிமை பெற்றார். 2000 சிட்னியில் இத்தாலிக்காகத் தங்கம் வென்றார். இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான பிறகும் துடுப்பை விடவில்லை. 2012 லண்டனில் தம் எட்டாவது ஒலிம்பிக்கில், 47 வயதில், ஐந்தாமிடம் பெற்றார். இன்னா 2016 ரியோவில் அஜர்பைஜானுக்காக வெண்கலம் வென்றார்.

இதெமின் கதை நமக்கு எளிதில் விளங்கிவிடுகிறது: கணவனின் நாட்டுக்குப் போனாள். இன்னாவின் கதையைக் கேட்டால் "எவ்வளவு கொடுத்தார்களாம்?" என்று கேட்கத் தோன்றுகிறது. செயல் ஒன்றுதான். ஒன்றை இல்லறம் என்கிறோம், மற்றதைத் துரோகம் என்கிறோம்.

இந்த அளவுகோல் நம் வீடுகளில் செய்யப்பட்டதுதான். பெரியபட்டினத்திலும் சரி, வேறு எந்த ஊரிலும் சரி, திருமணமான பெண்ணின் பெயர் பிறந்த வீட்டு ரேஷன் அட்டையிலிருந்து நீக்கப்பட்டு இன்னொன்றில் ஏறுகிறது. அவள் யாருக்கும் துரோகம் செய்ததாக எவரும் சொல்வதில்லை. போகாமல் இருந்தால்தான் பேச்சு. பக்கத்தில் இருக்கும் கீழக்கரையில், முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றில் மகளுக்கு வீடு கொடுப்பார்கள். மாப்பிள்ளைதான் அங்கே வந்து வாழ்வார். ஆகவே, பெண்தான் இடம் மாற வேண்டும் என்பது இயற்கையின் விதி அல்ல, வழக்கம்.

பயிற்சிக்கும் படகுக்கும் நாடு செலவழித்ததே, அந்தக் கடன் என்னாவது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் கடன் வேறு, அடமானம் வேறு. கடனை அடைக்க முடியும். இதெம் 1984இல் வென்ற வெண்கலத்தை இத்தாலிக்கு எடுத்துச் செல்லவில்லை. அது இன்றும் மேற்கு ஜெர்மனியின் கணக்கில்தான் இருக்கிறது. இன்னாவின் பெய்ஜிங் தங்கம் உக்ரைனுடையது. கொடுத்ததைக் கொடுத்துவிட்டுத்தான் போனார்கள்.

இந்தியச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பிப் பெற்றால் இந்தியக் குடியுரிமை போய்விடும். ஒரு நாடு அப்படி ஒரு விதி வகுக்கலாம். அந்த விதியை ஒரு பெண்ணின் நேர்மையை அளக்கும் கோலாக்குவதைத்தான் ஏற்க முடியவில்லை. பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் ஒரே சமயத்தில் உண்மையாக இரு என்று கற்றுக்கொடுத்தே நம்மை வளர்த்தார்கள். இரண்டு இடங்களை நேசிக்கத் தெரிந்தவள் பெண் என்பதை இந்தச் சமூகம் நன்றாக அறியும். இரண்டாவது இடத்தை அவளே தேர்ந்தெடுக்கும்போதுதான் அதற்கு அது மறந்துபோகிறது.