ஓநாய்க்கு விழுந்த ஓட்டு

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். நம்ம ஊர்ப் பழமொழி. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் கதை உல்டா. அங்கே ஓநாய்க்காக நகரத்து ஜனங்கள் உருகினார்கள். உருகியதோடு நிற்காமல் ஓட்டும் போட்டார்கள்.

2020 நவம்பர். ட்ரம்ப்பா, பைடனா என்று கேட்ட அதே வாக்குச்சீட்டில் இன்னொரு கேள்வி: 1940-களில் அங்கே அடியோடு ஒழிக்கப்பட்ட ஓநாயைத் திரும்பக் கொண்டுவந்து விடலாமா? முப்பது லட்சத்துக்கு மேல் ஓட்டு விழுந்ததில், 'விடலாம்' கட்சி சுமார் 57,000 ஓட்டு வித்தியாசத்தில் தப்பிப் பிழைத்தது. ஜெயிக்க வைத்தது டென்வர், போல்டர் மாதிரி நகரங்கள். ஓநாயை விடப்போகிற இடமோ மலைக்கு அந்தப் பக்கம், மேற்கே. அங்கே மாடு வளர்க்கிறவர்கள் 'வேண்டவே வேண்டாம்' என்றார்கள்.

நான் படித்தது காமர்ஸ். எதைப் பார்த்தாலும் வரவு யாருக்கு, செலவு யாருக்கு என்றுதான் புத்தி போகும். காட்டில் ஓநாய் ஊளையிடுவதை நினைத்துப் புல்லரித்துக்கொள்கிற சந்தோஷம் ஒருத்தருக்கு. விடிந்ததும் செத்த கன்றை அப்புறப்படுத்துகிற வேலை இன்னொருத்தருக்கு. இது நியாயமா?

2023 டிசம்பரில், ஆரிகன் மாநிலத்தில் பிடித்த 10 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். 2024 ஏப்ரலிலேயே முதல் கன்று போயிற்று. நஷ்ட ஈடு உண்டு. ஒரு மாட்டுக்கு அதிகபட்சம் 15,000 டாலர். செத்ததற்கு மட்டுமல்ல; காணாமல் போன கன்று, மிரட்சியில் எடை குறைந்த கன்று, சினை பிடிக்காத பசு எல்லாவற்றுக்கும் கணக்கு எழுதலாம். 2025 மார்ச்சில் இரண்டே பண்ணைகளுக்கு அனுமதித்த தொகை 3,40,000 டாலருக்கு மேல். இதற்கென மாநிலத்தின் வருஷ ஒதுக்கீடே 3,50,000 டாலர்தான்!

சரி, காசு கொடுத்தாயிற்றே என்பீர்கள். கொட்டுகிற பனியில் ராத்திரி கூடவே நின்று, இழுத்துப் பிறக்கவைத்த கன்று அது. அந்த ராத்திரி எந்த வவுச்சரில் ஏறும்?

அதற்காக மாட்டுக்காரர் சொன்னதே வேதம் என்றும் விட்டுவிட முடியவில்லை. பழைய பேரேட்டைப் புரட்டினால் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. 1915-லிருந்து அமெரிக்க மத்திய அரசே சம்பளத்துக்கு வேட்டைக்காரர்களை வைத்து ஓநாய்களைத் தீர்த்துக்கட்டியது. யார் பணம்? நகரத்துக்காரன் வரிப்பணமும்தான். இன்றைக்கும் மேற்கே நிறைய மாடுகள் மேய்வது அரசு நிலத்தில். 2025-ல் ஒரு பசுவும் கன்றும் மாசம் பூரா அங்கே மேயக் கட்டணம் 1.35 டாலர். டென்வரில் அதற்கு ஒரு நல்ல காபி கிடைக்காது. பொது நிலத்தில் மேய்த்துக்கொண்டு, அங்கே எந்த உயிர் இருக்கலாம் என்பதை மட்டும் நாங்களே முடிவு பண்ணுவோம் என்றால் எப்படி?

ஆக, ஓட்டுப் போட்டது தப்பில்லை. போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கியிருந்தால் அதுதான் தப்பு. எல்லோரும் தூங்கவில்லை. 2024-லிருந்து அங்கே ஓநாய்ப் படம் போட்ட கார் நம்பர் பிளேட் வாங்கலாம். அதற்குக் கட்டுகிற கூடுதல் காசு, ஓநாயைக் கொல்லாமலே மாட்டைக் காப்பாற்றுகிற வேலைகளுக்குப் போகிறது. மந்தையைச் சுற்றிக் குதிரையில் ரோந்து போகிறவரின் கூலி மாதிரி. எனக்கு அந்த ஓட்டைவிட இந்த பிளேட் பிடித்திருக்கிறது.

இந்த வழக்கில் மூன்றாவது கட்சி ஒன்று உண்டு. அதை யாரும் கேட்கவில்லை. கொண்டுவந்து விட்ட பத்தில் ஒன்று, புது ஊரில் ஜோடி சேர்ந்து குட்டிகளுக்குத் தகப்பன் ஆனது. மாடுகளை அடித்ததால் 2024 கோடை முடிவில் குடும்பத்தோடு பிடித்தார்கள். பிடித்த சில நாளிலேயே தகப்பன் செத்துப்போனது. காரணம் துப்பாக்கிக் காயம் என்று பரிசோதனையில் தெரிந்தது. தாயையும் குட்டிகளையும் 2025 ஜனவரியில், ஆஸ்பென் நகரம் இருக்கிற பிட்கின் கவுண்டியில் விட்டார்கள். அங்கேயும் கன்றுகள் செத்தன. மே மாதம், ஓநாயைக் கொண்டுவந்து விட்ட அதே வனவிலங்குத் துறை, அந்தக் குட்டிகளில் ஒன்றைச் சுட்டுக் கொன்றது. அதற்கு அப்போது வயது ஒன்று.